பிரஷாந்தனின் வலது கை

பிரஷாந்தன் பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து, திரும்பி, சிரிக்கத் தொடங்கியபோதுதான் விசில் கேட்டது. நடுவர் தன் வலது கையை இடுப்பருகே இறக்கிக் காட்டினார். புள்ளி இல்லை. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

விதி மிக எளிமையானது. இந்த ஆட்டத்தில் ஆளை ஆள் இடித்து வீழ்த்துவது கிடையாது. ஒவ்வொருவர் இடுப்பிலும் இரண்டு கொடிகள், ஒரு சாண் அகலமில்லாத துணிப்பட்டைகள், தொங்கும். பந்தோடு ஓடுகிறவனின் கொடியை யாராவது உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். ஓடுகிறவன் தன் கையால் கொடியை மறைக்கக் கூடாது. அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். பிரஷாந்தனுக்கும் புரிந்திருந்தது. அவனுடைய வலது கைக்குத்தான் புரியவில்லை.

அந்தக் கைக்கு ஒரு வரலாறு இருந்தது. மெல்பனின் நோபல் பார்க்கில் வளர்ந்து, உள்ளூர்க் கழகத்துக்காக ஆஸ்திரேலியக் கால்பந்தில் மற்றவர்களின் தோள்களுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பறித்துக்கொண்டிருந்தவனை, இருபத்துநாலு வயதில் கனடாவிலிருந்து ஆட்டக்காரரைத் தேடி வந்த ஒருவர் பார்த்து அழைத்துப்போனார். அங்கே ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டு ஆடுகிற தொழில்முறைக் கால்பந்து. அதில் அவன் ரிசீவர். ஓட வேண்டும், சொல்லிவைத்த இடத்தில் திரும்ப வேண்டும், திரும்புவதற்கு முன்னரே எறியப்பட்டுவிட்ட பந்தைப் பிடிக்க வேண்டும். எட்டுப் பருவங்கள் ஆடினான். நானூற்றுப் பன்னிரண்டு பந்துகள் பிடித்தான். முதுகில் அப்பாவின் பெயர், கணேசலிங்கம், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைந்து கிடந்தது. அதைச் சரியாக உச்சரிக்க வர்ணனையாளர்களுக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன.

மூன்றாவது பருவத்தில், நூற்றுப் பத்துக் கிலோ எடையுள்ள ஒருவன் வலது பக்கத்திலிருந்து வந்து மோதியதில் காறை எலும்பு முறிந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கை ஒரு புதுப் பழக்கத்தோடு வந்தது. பந்து இடது கைக்குள் அடங்கிய கணமே வலது கை தானாக இறங்கி, வருகிறவனைத் தடுக்க விலாவோடு நின்றது. அவன் அதைக் கற்கவில்லை. கைதான் கற்றுக்கொண்டது. பயிற்சியாளர்கள் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து பருவங்கள் எலும்பு எதுவும் முறியவில்லை. கடைசியில் முழங்கால்தான் போனது. கழகத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு நாலு நிமிடம் நீடித்தது. முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவனாக மெல்பனுக்குத் திரும்பினான்.

டாண்டினோங்கில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் வேலை. கலியாண வீடுகளில் அங்கிள்மார் தோளில் கைவைத்து, இப்ப என்ன செய்யிறீர் என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லி முடிக்குமுன் அவர்கள் சாப்பாட்டு வரிசையைப் பார்த்தார்கள். மூன்று வருடங்கள் இப்படிப் போயின. பிறகு இந்தக் கொடி ஆட்டத்தை ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். ஆஸ்திரேலிய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைத் தாரிணிதான் கொண்டுவந்தாள். அவன் மனைவி. அவன் பேசாமல் இருந்த இரவுகளிலெல்லாம் பக்கத்தில் இருந்தவள். போங்கோ என்று ஒரு சொல் சொன்னாள். அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அது கனடாவில் விட்டுவிட்டு வந்ததென்று நினைத்திருந்த அடிப்பு.

பிறகு வீட்டின் பின்வளவில் பயிற்சி. இடுப்பில் கொடிகளுக்குப் பதிலாக இரண்டு குசினித் துவாய்களைச் செருகிக்கொண்டு அவன் ஓட, தாரிணி துரத்தினாள். அப்பா கணேசலிங்கம் நடுவரானார். பந்து பிடிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிற நாட்டில ஏதோ பிழை இருக்கு என்று எட்டு வருடம் சொன்ன மனிதர், தன் சொந்தக் காசில் ஒரு விசில் வாங்கினார். கை இறங்கினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்வரை ஊதினார். கடைசி இரண்டு வாரமாக விசிலுக்கு வேலை இருக்கவில்லை.

ஆனால் தாரிணி பக்கத்தில் வருவது வேறு. இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் மூச்சு கேட்கும் தூரத்தில் இடுப்பை நோக்கிப் பாய்ந்து வருவது வேறு.

இன்று மூன்றாவது விசிலுக்குப் பிறகு, முகாமுக்கு ஆள் எடுக்கச் சிட்னியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், தொப்பி போட்ட ஒல்லியான பெண்மணி, அவனை ஓரமாக அழைத்தார். ரிசீவர்களுக்கு இன்னும் ஓர் இடம்தான் மீதி இருக்கிறது என்றார். இந்த மைதானத்தில் அவனுடையவைதான் சிறந்த கைகள் என்றும் சொன்னார். பிற்பகல் ஆட்டத்தில் அந்தக் கை இன்னொரு தடவை இறங்கினால் அவனை எடுக்க வழியில்லை. எவ்வளவு அழகாகப் பிடித்தாலும், அழிக்கப்படுகிற புள்ளி அணிக்கு உதவாது.

இடைவேளையில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் நின்றார்கள். வீட்டிலிருந்து சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. அந்தக் கையைக் கழுத்தோட கட்டிவிடுவமா என்று தாரிணி கேட்டாள். மூண்டாவது சரியான பிழை, நானெண்டாலும் ஊதியிருப்பன் என்றார் அப்பா. பிரஷாந்தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அது பிடிவாதக்காரக் கை அல்ல என்று அவனுக்குத் தோன்றியது. அது பயந்த கை. தன்னைக் காப்பாற்றிய ஒன்றை அரை மணி நேரத்தில் எப்படித் திருத்துவது? தாரிணிக்கு அவனுடைய மௌனங்களில் எது எதுவென்று தெரியும். இது வேலை செய்கிற மௌனம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவர் கையில் இன்னொரு ரோலைக் கொடுத்தாள்.

சட்டென்று அவன் ஸ்ரீகாந்தைத் தேடிப் போனான். பொயிண்ட் குக்கில் இருந்து வருகிற மென்பொருள்காரன். அன்று பிரஷாந்தனின் அணிக்குப் பந்து எறிகிறவன் அவன்தான். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் நின்று எறிந்து பழகிய தோள்.

"ஓடினாத்தான் கை இறங்குது," என்றான் பிரஷாந்தன். "எனக்கு ஓட வேண்டாம். கோட்டுக்கு அங்கால எறி. அங்க பிடிச்சாலே புள்ளி."

ஸ்ரீகாந்த் யோசித்தான். "ரெண்டு தடவை எறிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேண்ணா. உங்க தலைக்கு மேலயே ரெண்டு பேர் நிப்பாங்க."

"தெரியட்டும். நீ உயரமா எறி."

"எவ்ளோ உயரமா?"

"நீ பயப்பிடுற அளவுக்கு."

பிற்பகல் முதல் பந்து அவன் விரல் நுனியையும் தாண்டி வேலிக்குப் போனது. ஸ்ரீகாந்த் நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டான். இரண்டாவதில் பிரஷாந்தன் வலப்பக்கம் ஓடுவதுபோல் இரண்டடி வைத்து, இடது தோளைத் திருப்பி, கோட்டுக்கு அப்பால் போய்ப் பின் காலை ஊன்றி எழும்பினான். பழைய முழங்கால் ஏதோ முறையிட்டது. பந்து கைக்குள் வந்து சேர்ந்தபோது அந்தப் பழைய சத்தம் கேட்டது. தோல் தோலில் படும் சத்தம். புள்ளி.

மூன்றாவதற்கு இரண்டு பேர் வந்தார்கள். அவன் அவர்களுக்கு நடுவில் எழும்பினான். மூன்று சோடிக் கைகளில் ஒரு சோடி பந்தோடு இறங்கியது. வேலிக்கு அப்பால் நின்ற கூட்டம் இப்போது அவனைத்தான் பார்த்தது. பந்து எங்கே வரப்போகிறது என்று மைதானம் முழுவதற்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. ரிசீவருக்கு இதைவிடப் பெரிய இன்பம் கிடையாது. அவன் இரத்தம் காதுக்குள் ஓடியது. முப்பத்தைந்து வயது எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

ஆட்டத்தின் கடைசி எறி. அவர்களுடைய அணி ஒரு புள்ளி பின்னால். பிரஷாந்தன் கோட்டை நோக்கிப் பாய்ந்தான். திரும்பியபோதே தெரிந்தது, பந்து குட்டையாக வருகிறது. ஸ்ரீகாந்தின் மேல் ஒருவன் பாய்ந்திருக்க வேண்டும். தோள் முழுதாகச் சுழலவில்லை. கோட்டுக்கு ஆறு மீட்டர் முன்னால் விழப்போகிறது.

விட்டுவிடலாம். விட்டால் பிழை இல்லை, புள்ளியும் இல்லை. அவன் விடவில்லை. திரும்பி வந்து குனிந்து, புல்லுக்கு ஒரு சாண் மேலே அள்ளினான். பின்னால் மூச்சு கேட்டது. பந்து இடது கைக்குள் நகரத் தொடங்கியது. வலது கை கிளம்பப் போவதைத் தோளில் உணர்ந்தான். அந்தக் கணத்தில், எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தான். வலது கையையும் பந்தின்மேலேயே வைத்து இறுக்கினான்.

இரண்டு கையாலும் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப்போல அவன் ஓடினான். இடுப்பில் இரண்டு கொடிகளும் காவலில்லாமல் பறந்தன. எட்டு வருடத்தில் அவன் இவ்வளவு அசிங்கமாக ஓடியதில்லை. யாரோ சிரித்தார்கள். நான்கு மீட்டர். மூன்று. இடது இடுப்பில் ஒரு விரல் பட்டது, வழுக்கியது. கை துடித்தது. அவன் பந்தை இன்னும் இறுக்கினான். கோட்டுக்கு அப்பால் ஒரு கால், மறு கால். அதன் பிறகுதான் கொடி உருவப்பட்ட சுரீர் என்ற சத்தம்.

விசில் கேட்டது. நடுவர் பக்கம் திரும்ப அவனுக்குத் துணிவு வரவில்லை. அவன் புல்லையே பார்த்தான். முதலில் ஸ்ரீகாந்த் கத்தினான், பிறகு எல்லோரும். நிமிர்ந்தபோது நடுவரின் இரண்டு கைகளும் வானத்தை நோக்கி நின்றன.

தேர்வாளர் கையில் காகிதத்தோடு தானே நடந்து வந்தார். இத்தனை காலம் விளையாட்டைப் பார்க்கிறேன், இவ்வளவு கேவலமான ஓட்டத்தைப் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். முகாமிலும் அப்படியே ஓடு, மாற்றாதே என்றார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிட்னியில் நிற்க வேண்டும்.

வேலிக்கு அப்பால் தாரிணி கையை மட்டும் விரித்து, என்ன என்று கேட்டாள். அவன் தலையை மேலும் கீழுமாக ஆட்டினான். அவள் வேலியைச் சுற்றிவர வழியிருந்தும் அதைத் தேடாமல் மேலாலேயே ஏறத் தொடங்கினாள்.

"பிள்ளை, பாத்து," என்றார் கணேசலிங்கம். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரும் வேலியில் ஒரு காலை வைத்தார்.