சாவடியில் கொட்டியது

கல் என்று நினைத்துத்தான் பெங்களூரில் சாந்தம்மாவின் வயிற்றைத் திறந்தார்கள். கல் இல்லை. பித்தப்பையின் உள்சுவரெங்கும் பாசி படர்ந்ததுபோல் சிறு சிறு முளைகள். இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை என்றார் டாக்டர். விட்டால் புற்றாகும் முளைகள். ஏற்கெனவே ஆகிவிட்டதா என்று வேலூரில் ஒருவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். ஆகியிருந்தால் உடனே மறுபடி திறந்து, ஒட்டியிருந்த ஈரலையும் வெட்ட வேண்டும். ஆகாதவளை அப்படி வெட்டினால் அந்தக் கத்தியே வீணாக அவளைக் கொன்றுவிடக்கூடும்.

வெட்டியெடுத்த பையை அழுகாமலிருக்க ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு, ஒரு சீட்டும் எழுதி, அவள் கணவன் நாராயணப்பனிடம் கொடுத்தார்.

வேலூர் பஸ்ஸை ஓசூர் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அப்போது மைசூர் மாநிலத்தில் சாராயக்கடை உண்டு. இந்தப் பக்கம் மதுவிலக்கு. ஏட்டு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.

“சரக்கும் கொண்டாந்து, தொட்டுக்கக் கறியும் உள்ளயே போட்டுட்டியா?”

பஸ்ஸே சிரித்தது.

“என் சம்சாரத்தோட பித்தப்பைங்க. டாக்டர் சீட்டு இருக்குது.”

“போன வாரம் ஒருத்தன் பாம்பப் போட்டுக் கொண்டாந்தான், வாத மருந்துன்னு. அவனும் சீட்டு வச்சிருந்தான். படிச்சவனாட்டம் இருக்கே, வெக்கமா இல்ல?”

“ஐயா, கொட்டிட்டீங்கன்னா அவ பொழைக்க மாட்டா.”

“கொட்டலேன்னா நீ பொழைக்க மாட்டே. கேஸுதான்.”

கொட்டினார். பையைப் பாட்டிலோடு திருப்பிக் கொடுத்தார். அதன்மேல் அவருக்கு வழக்கு இல்லை.

கிருஷ்ணகிரியில் இறங்கி ஸ்பிரிட் கேட்டான். மருந்துக்கடைக்காரர் லைசென்ஸ் கேட்டார். அடுத்த பஸ் வழியில் பழுதாகி நின்றது. பங்குனி வெயில். வேலூர் போய்ச் சேர்ந்தபோது, மூடியைத் திறக்காமலே நாறியது.

“அழுகிடுச்சு. இதுல இனிமே ஒண்ணும் தெரியாது” என்றார் அந்த டாக்டர்.

“வேற வழி?”

“கண்ணு மஞ்சளாச்சுன்னா தெரிஞ்சுக்கலாம். அப்ப வெட்டிப் பிரயோஜனம் இல்லே.”

பெங்களூர் திரும்பியதும் சாந்தம்மா கேட்டாள்: “வேலூர்ல என்னா சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லேன்னாங்க.”

“அப்ப போண்டா திங்கலாமா?”

“தின்னு.”

சொந்த ஊரான காவேரிப்பட்டினம் வந்தார்கள். தினமும் காலையில் வெளிச்சம் வந்ததும் அவள் கண்களைப் பார்த்தான். “கல்யாணத்தப்பகூட இப்பிடிப் பாக்கலியே நீங்க” என்று அவள் சிரிப்பாள்.

ஆவணியில் ஒரு காலை, பார்த்தவன் அவள் கையைப் பிடித்துத் தெருவாசலுக்குக் கூட்டி வந்தான். வீட்டுக்குள் இருட்டு, அதனால் அப்படித் தெரிந்திருக்கும். வெயிலில் நிறுத்தி மறுபடி பார்த்தான். வெயிலிலும் மஞ்சள்தான்.

“என்னாங்க இது, தெருவுல வச்சு? ஊரே பாக்குது” என்றாள் அவள், வெட்கத்தோடு.