மரியாமாவின் கொக்கோ

ஒரு துணிப்பை கொக்கோக் கொட்டையைப் பத்மா தன் மல்கிரேவ் வீட்டுக் குசினியில் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். அது 1977ஆம் ஆண்டுக் குளிர்காலம். மெல்பேர்னில் எதை வைத்தாலும் ஈரம் ஏறிவிடும். கொட்டையில் பூஞ்சணம் பிடித்துவிடக் கூடாதே என்று அடுப்புக்கு மேலே, சூடு படுகிற அலுமாரித் தட்டில் வைத்தாள். உயிரியல் படிப்பித்தவள் அல்லவா!

விற்பனைக்கு மாதிரியாகப் பையை விமானத்தில் அனுப்பியவள் மரியாமா. பத்மாவும் கணவன் யோகேஸ்வரனும் சியரா லியோனில், கெனெமா என்ற ஊரில் ஆசிரியர்களாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி. யோகேஸ்வரன் அவளை மாரியம்மா என்றுதான் கூப்பிடுவான். பத்மாவுக்குப் பிள்ளை பிறந்த மழைக்காலத்தில் அவனும் மலேரியாவில் விழுந்துவிட்டான். அறுவடை தொடங்குகிற நேரத்தில் தன் கொக்கோத் தோட்டத்தை விட்டுவிட்டு வந்து, தாயையும் பிள்ளையையும் நோயாளியையும் பார்த்தவள் மரியாமா. அந்த வருசம் அவளுடைய காய்களில் பாதி மரத்திலேயே கறுத்துப்போயின. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

இப்போது உலகமெங்கும் கொக்கோ விலை எகிறி நிற்கிறது. கெனெமாவில் மட்டும் லொறியோடு வருகிற தரகன் வைத்ததுதான் விலை. நல்ல கொட்டைக்கும் புகை பிடித்த கொட்டைக்கும் ஒரே காசு. மரியாமா ஊர்ப் பெண்களைச் சேர்த்தாள். கொட்டைகளை வாழையிலையால் மூடிப் புளிக்க வைத்து, விறகுப் புகை படாமல் வெயிலில் காயவைத்தார்கள். வெளிநாட்டில் யாராவது வாங்க முன்வந்தால் ஏற்றுமதி உரிமம் உள்ள ஒருவர் கப்பலில் ஏற்றித் தருவார். வாங்க ஆள் தேடுவது பத்மாவின் பொறுப்பு. நன்றிக்கடன் தீர்க்க இதைவிட வேறு வாய்ப்பு வருமா?

ரிச்மண்டில் சிறிய சொக்லேட் தொழிற்சாலை வைத்திருந்த ஹாரிஸ், பத்மா கொண்டுபோன பையிலிருந்து ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது.

"இதில் ஏதோ மசாலா மணக்கிறது. மாதிரியே இப்படி என்றால் மூட்டைகளை எப்படி நம்புவது?"

பத்மாவும் முகர்ந்தாள். அந்த மணம் அவளுக்குத் தெரியாததா? பைக்குப் பக்கத்தில் இருந்தது அவளே வறுத்து இடித்த கறித்தூள். அவள் அதை வறுக்கும்போது அக்கம்பக்கத்தார் யன்னலைச் சாத்துவார்கள். கொக்கோக் கொட்டையில் பாதி கொழுப்பு, எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரத்துக்குப் பயந்த உயிரியல் ஆசிரியைக்கு இது மட்டும் தோன்றவில்லை.

விமானத்தில் வேறு எதன் மணமோ பட்டிருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தான் தப்பலாம். ஆனால் மரியாமாவின் சரக்கின்மேல் அல்லவா சந்தேகம் விழும்?

"இது என் குசினி வாசம். கறித்தூளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மடத்தனம் என்னுடையது, கொட்டை அவளுடையது. தயவுசெய்து வெட்டிப் பாருங்கள்."

ஹாரிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கத்தியை எடுத்துக் கொட்டைகளைப் பிளந்தார். உள்ளே நல்ல மண்ணிறம். பூஞ்சணம் இல்லை. புளிக்காத கொட்டையின் ஊதா நிறமும் இல்லை. வெட்ட வெட்ட அவர் முகம் தெளிந்தது.

"இவ்வளவு சீராகப் புளித்தது எனக்குக் கிடைப்பதே அபூர்வம். சோதனைக்குச் சில மூட்டை வரட்டும். சரியாக இருந்தால் வருகிற அறுவடையை நானே எடுக்கிறேன். ஆனால் நேரே இங்கே வரட்டும், உங்கள் வீட்டுக்கு வேண்டாம்!"

பத்மா அவருக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னப்பா, வாங்கிறாராமோ?" என்று வாசலிலேயே கேட்டான் யோகேஸ்வரன்.

"ஓம். ஆனா நான் எல்லாத்தையும் நாசமாக்கப் பாத்தனான்" என்று அழுதாள்.

மரியாமாவை வரச்சொல்லிவிட்டு, கெனெமாப் பள்ளிக்கூடத்துத் தொலைபேசிக்குப் போட்ட ட்ரங்க் கால் கிடைத்தபோது, நல்ல செய்தியோடு தன் பிழையையும் மறைக்காமல் சொன்னாள். மரியாமா கேட்டது ஒன்றுதான்.

"அதை அவரிடமும் சொன்னாயா?"

"சொன்னேன்."

"தலைநகரில் பெரிய மனிதர் யாரிடமாவது பையைக் கொடு என்று இங்கே நிற்கிற பெண்கள் எல்லாரும் சொன்னார்கள், பத்மா. மெல்பேர்னில் எனக்கு ஒரு சகோதரி இருக்கிறாள், அவள் போதும் என்றேன்."

நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான் என்று பத்மா வாயெடுத்தாள். அதற்குள் அங்கே கூடியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ரிசீவரில் நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பத்மாவும் விடவில்லை. முகம் தெரியாத ஒவ்வொருத்திக்கும் அழுதுகொண்டே திருப்பி நன்றி சொன்னாள்.