வெண்டல் வீட்டுப் பனியும் அரசு கொடுத்த பூட்டுப் பெட்டியும்

வெண்டல் மல்லின்ஸின் வீட்டுக்குள் ஜூலை மாதத்திலும் பனி பெய்தது. கூரையில் ஓட்டை எதுவும் இல்லை; ஆள் ஏறிப் பார்த்தாகிவிட்டது. சுரங்கத்தில் முதுகு உடைந்து, வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை அவரையே விழுங்கி, மகள் ரீனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒஹாயோவுக்குப் போன அன்று அது தொடங்கியது. எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைகளில் மாத்திரை புகுந்து ஏதாவது செய்யாத வீடு குறைவு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூடிக் கிடந்த பர்னிச்சர் கடையில் மாநில அரசு போதை மீட்பு மருந்தகம் திறந்தபோது வெண்டல் முதல் வாரமே போய்ச் சேர்ந்தார். விடியும் முன்பே வரிசை நிற்கும். ஜன்னலுக்குள்ளிருந்து நர்ஸ் டார்லா போதை ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் என்ற சிவப்பு மருந்தைச் சின்னக் கோப்பையில் நீட்டுவாள். குடித்ததும் ஏதாவது பேச வேண்டும். மருந்தை வாயில் அடக்கிக்கொண்டுபோய் யாரும் வெளியே விற்றுவிடக் கூடாதென்று வைத்த விதி. மற்றவர்கள் "தேங்க்ஸ்" என்று முனகிவிட்டு நகர்வார்கள். வெண்டல் பனி நிலவரம் சொல்வார்.

"இன்னிக்குக் கணுக்கால் வரைக்கும்."

"பூட்ஸ் போட்டுக்குங்க வெண்டல். முழங்காலுக்கு வந்தா சொல்லுங்க, சறுக்கு வண்டி அனுப்புறேன்."

"யோவ், காதல் பேச்சை நாளைக்கு வச்சுக்க, எனக்கு வேலைக்கு லேட்டாவுது!" என்பான் பின்னால் நிற்கும் மரம் அறுக்கிற எர்ல்.

ஒரு நாளில் அவரோடு மனிதர் பேசும் பேச்சு அவ்வளவுதான். அதற்கே மதியம் வரை வீட்டில் பனி பெய்வது நின்றிருக்கும்.

வருடங்கள் ஓடின. போதை கண்டுபிடிக்கும் சிறுநீர்ச் சோதனை ஒன்றிலும் அவர் தவறவில்லை. அதற்குப் பரிசாக ஒரு மாத மருந்தைப் பாட்டில்களில் அடைத்துப் பூட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்து, இனி தினமும் வர வேண்டாம் என்றார்கள். கேக் வெட்டினார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு வயிறெரிந்தது. நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள், பாவம்.

மறுநாள் சமையலறையில் குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் "முழங்கால்" என்றார் வெண்டல். ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமியது. இரண்டாம் வாரம் கட்டில் பனியில் மூழ்கியது. முன்பு கள்ளத்தனமாக மாத்திரை விற்றவனுக்கு ஃபோன் போட்டார்; அவன் நிறையப் பேசுவான் என்பதற்காக. மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டார். தன்னை நினைத்தே அவருக்குப் பயம் வந்தது.

அந்த வாரம் மருந்தகத்திலிருந்து அழைப்பு வந்தது. பாட்டில்களைச் சரிபார்க்க நாளைக்கே கொண்டுவர வேண்டும், வராதவர்களுக்குப் பெட்டி ரத்து. பாட்டில்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. வெண்டல் போகவில்லை. அதற்கு மறுநாள் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார்.

"மூளை இருக்கா உங்களுக்கு?" டார்லா பொரிந்தாள். "இத்தனை வருஷ நல்ல பேரு போச்சு. இனிமே தினமும் இருட்டுல எழுந்து வரணும்!"

"தெரியும்மா."

குடித்தார். "ஜன்னல் வரைக்கும் ஏறிடுச்சு" என்றார். அழுகை வந்துவிட்டது.

"எங்கிட்ட பனி அள்ளுற ஷவல் ரெண்டு இருக்கு," என்றான் எர்ல் பின்னாலிருந்து. "ஞாயித்துக்கிழமை வர்றேன். காபி போட்டு வையி."

அந்த வருட அரசு அறிக்கையில் பின்னடைவு அடைந்தவர்களோடு வெண்டலையும் சேர்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, கொளுத்தும் வெயிலில், இரண்டு பேர் ஜன்னல் வழியே பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சர்ச்சுக்குப் போன கார்கள் வேகத்தைக் குறைத்தன. ஓட்டியவர்கள் வழக்கம்போல் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.