வினிதா பேபிக்கு ஒரு லோன்

விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து, தாம்பரம் மார்க்கெட்டில் வெயில் ஏறும்வரை கூவி விற்று, இரும்புலியூர் வீட்டுக்குத் திரும்பி, குளித்து, சோறு தின்று படுத்தால்தான் நான் மனுஷி. அந்த மதியத் தூக்கத்தில் கை வைப்பவன் விளங்கவே மாட்டான். ஆனால் தினமும் வைத்தார்கள். கண் சொருகும் நேரம் பார்த்து போன் அடிக்கும். "மேடம், கூடுவாஞ்சேரில பிளாட்." "மேடம், கிரெடிட் கார்டு." மீன்காரி ஜெயக்கொடியை ஊரில் யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட இவர்களை எனக்குக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

போனை அணைத்துவிட்டுத் தூங்கேன் என்றாள் பக்கத்துக் கடை ரத்தினபாய். எப்படி அணைப்பது? என் மகள் வினிதா காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் லேபில் வேலை செய்கிறாள். நிறைமாதம். லீவ் போட்டுவிட்டு வீட்டுக்கு வாடி என்றால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுக்கிறாள். வலி வந்தால் எனக்குத்தான் போன் வரும். என் புருஷன் தாமோதரன் வீட்டில் இருப்பார்தான். ஆனால் அவர் படுத்தால் காதோரம் பட்டாசு வெடித்தாலும் எழமாட்டார்.

மருமகன் தீனாதான் வழி சொன்னார். "அத்தை, 1909னு ஒண்ணு இருக்கு. அதுல பதிஞ்சிட்டா விளம்பர கால் வராது." என் போனை வாங்கித் தட்டினார். பேங்க், வீட்டுமனை, படிப்பு, மருத்துவம், எதை எதை நிறுத்த வேண்டும் என்று அது வகை வகையாகக் கேட்டது. "எல்லாத்தியும் நிறுத்துங்க மாப்ள, ஒண்ணு உடாதீங்க" என்றேன். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். நின்றுவிட்டது. அடடா, அந்தத் தூக்கம். எச்சில் ஒழுகத் தூங்கினேன். சங்கரா வாங்க வந்தவர்களுக்கும் 1909, நெத்திலி வாங்க வந்தவர்களுக்கும் 1909 என்று ஊருக்கே உபதேசம் செய்தேன்.

அத்தோடு இருந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மார்க்கெட் தெருவில் புதிதாக ஒரு ஜவுளிக்கடை திறந்தார்கள். புடவை எடுத்தால் கூப்பன், முதல் பரிசு ஸ்கூட்டி. கூப்பனைக் கீழே போட்டுவிட்டுப் போகிறவர்களிடமும் கேட்டு வாங்கினேன். ஒரே பெயரில் போட்டால் ராசி இருக்காதென்று என் பெயர், தாமோதரன் பெயர், வினிதா பெயர் எல்லாம் எழுதியும் மிச்சமிருந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு யோகம் அதிகம் என்று தோன்றியது. 'வினிதா பேபி' என்று எழுதி, என் நம்பரையே போட்டுப் பெட்டிக்குள் தள்ளினேன்.

ஸ்கூட்டி யாருக்கோ போனது. எனக்கு போன் வந்தது.

"வினிதா பேபி மேடம்ங்களா? உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு."

"அது இன்னும் பொறக்கவே இல்லம்மா."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எப்போ கால் பண்ணட்டும் மேடம்?"

"பொறந்தப்புறம் பண்ணு."

கோபத்தில்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பேபி பிறந்துவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னா மாப்ள, உங்க 1909 தூங்கினு கீதா?" என்று தீனாமேல் பாய்ந்தேன். எங்கேயாவது நம்பர் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். சுருக்குப் பையில் எழுதாமல் கிடந்த கூப்பனை நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்னால் எறும்பு எழுத்தில், 1909இல் பதிந்திருந்தாலும் பரவாயில்லை, நீங்களும் உங்கள் கூட்டாளி பேங்கும் எனக்கு போன் செய்யலாம் என்று நானே சம்மதித்திருந்தேனாம்.

"வாசக்கதவைச் சாத்திட்டு, கொல்லைக்கதவைத் திறந்து வெச்சிருக்கீங்க அத்தை" என்றார். சம்மதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம், சில நாள் ஆகும் என்றார்.

அதுவரை? எவளும் வாயைத் திறக்குமுன் ஒப்பிக்க ஒரு பாட்டம் வசவு தயார் செய்துகொண்டேன். மார்க்கெட்டில் ரத்தினபாய்க்குச் சொல்லிக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் கூடை சாய்ந்தது.

மறுநாள் மதியம் படுத்தேன். கண் சொருகியது. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஜெயக்கொடி அம்மாவா? வினிதா பேபி விஷயமா..."

"லோன் வாணாம், பிளாட் வாணாம், கார்டு வாணாம். இன்னா வந்திருந்தாலும் திருப்பி அனுப்பு. இல்லாங்காட்டி உன் மேனேஜரையே வெச்சிக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. போன் கை மாறியது.

"எம்மா." தளர்ந்த குரல். என் மகள். "திருப்பி அனுப்ப முடியாதும்மா. பொறந்துட்டா."

நான் உட்கார்ந்திருந்தேனா நின்றேனா, எனக்கே தெரியாது. லேபில் திடீரென்று வலி எடுத்ததாம், கூட வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்களாம், போன் லேப் மேஜையிலேயே கிடக்கிறதாம். பேசியது நர்ஸாம். பெயர் வைக்கும்வரை ஆஸ்பத்திரிச் சீட்டில் பிள்ளைக்கு 'வினிதா பேபி' என்றுதான் பெயராம்.

"மாப்ளைக்குச் சொன்னியாடி?"

"அவரு நம்பர் எனக்கெங்க ஞாபகம் இருக்கு? மனப்பாடமாத் தெரிஞ்சது உன் நம்பர் ஒண்ணுதான்."

கட்டினவன் நம்பர் தெரியாது, அம்மா நம்பர் மட்டும் தெரியும். அந்த நம்பரை ஜவுளிக்கடைப் பெட்டியில் வாரி இறைத்துவிட்டு, நிஜமாகக் கூப்பிட்டவளை விரட்டப் பார்த்தேனே, நான் என்ன ஜென்மம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

தாமோதரனை உலுக்கினேன். எழவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றினேன். "யோவ் தாத்தா, எழுந்திரு" என்றதும் கண்ணைத் திறந்தார். தீனாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு அத்தை, அத்தை என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

செங்கல்பட்டு ட்ரெயினில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தாமோதரன் காலில் ஒரு செருப்பு என்னுடையது என்று பார்த்தேன். வண்டலூர் தாண்டும்போது போன் அடித்தது.

"மேடம், வினிதா பேபி மேடம் லோன் விஷயமா..."

"பொறந்துட்டாம்மா!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் அவள் குரல் மாறியது. "நிஜமாவா மேடம்? பொண்ணா? அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லாகீறா. உன் பேரு இன்னாமா?"

"அனுப்பிரியா."

"லோன் வாணாம் அனுப்பிரியா."

"சரிங்க மேடம்." அவள் வைக்கவில்லை. "பாப்பா யார் மாதிரி இருக்கா மேடம்?"

"இன்னும் பாக்கலியே. பாக்கத்தான் போய்க்கினு இருக்கேன்."

பக்கத்தில் தாமோதரன் கட் பண்ணு, கட் பண்ணு என்று கையை ஆட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளைக்கு மதியம் ஒரு போன் போடு, சொல்றேன்" என்றேன். "முழிச்சினுதான் இருப்பேன்."