தங்கம் மாதிரி மாப்பிள்ளை

வணக்கம் பிள்ளைகளே, எல்லாரும் சுகம்தானே? முழங்கால் வலிக்காரர்கள் முதலில் காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். பிறகு வாசிக்கலாம்.

இது வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் எங்கள் ஊரை ஆண்ட காலத்துக் கதை. எங்கள் ஆங்கிலப் பள்ளியை மூடிவிட்டு, கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கந்தையா ரயில்வே கிளார்க். எனக்கு ஒரே பிடிவாதம். பள்ளி எப்போது திறந்தாலும் சரி, சீனியர் பரீட்சை எழுதி டீச்சராகிவிட வேண்டும்.

எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள் ஆரிஃபா. மஸ்ஜித் இந்தியா தெருவில் அவள் வாப்பாவுக்குத் துணிக்கடை. கடை இருந்தது, துணிதான் இல்லை. காலி அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்துவாள். 'போல' என்று வந்தால் சிமிலி, அதாவது உவமை. இது அதுவேதான் என்று அடித்துச் சொன்னால் மெட்டஃபர், அதாவது உருவகம். ஒருநாள் நான் 'ஆஸ் வைட் ஆஸ் ஸ்னோ' என்று ஒப்பித்தேன்.

"ஸ்னோவ எங்க பாத்தே, பூமணி? பிரிக்ஃபீல்ட்ஸ்லயா?"

"பாக்கேல்லை."

"அப்ப வேணாம்லா. தினம் தின்னுற மரவள்ளிக் கிழங்கச் சொல்லு. யாரு எதச் சொன்னாலும், எந்த விதத்துலன்னு கேளு. பதில் வந்தா நல்ல சிமிலி. வரலேன்னா சும்மா சத்தம்."

வீட்டில் அப்பாவுக்கு இரண்டு பயம். ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போவார்களாம். வயது வந்த பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் வைத்திருப்பது அதைவிட ஆபத்தாம். அதனால்தான் கிள்ளானிலிருந்து பூரணம் மாமி தன் மகனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார். மகன் வரவில்லை. மாமி வறுத்த சோளக் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"என்ர பெடியன் தங்கம் மாதிரி."

"எந்த விதத்தில, மாமி?"

அம்மா என் காலை மிதித்தார்.

"குணத்திலதான். வேற என்னத்தில? நீ அங்க ராணி மாதிரி இருப்பாய்."

"எந்த விதத்தில?"

"சமைக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வீட்டைப் பாக்கலாம்."

"ராணியள் உடுப்புத் தோய்க்கிறவையோ?"

மாமி அப்பா பக்கம் திரும்பினார். "கந்தையா அண்ணை, பெட்டைக்கு வாய் நீளம். அது கட்டினாப் பிறகு குறையும். ஆனா அந்த இங்கிலீசுப் புத்தகமெல்லாம் அடுப்புக்குப் போகவேணும். அது செத்த பாஷை."

இது மெட்டஃபர். இதையும் விட எனக்கு மனமில்லை.

"செத்ததெண்டா ஏன் எரிக்கச் சொல்லுறியள்?"

"செத்ததை எரிக்கிறதுதானே எங்கட வழக்கம்," என்றார் மாமி. அவருக்கும் வாய் குறைவில்லை.

"செத்த வீட்டில அழுதிட்டு எரிப்பினம். நீங்கள் பயத்திலயெல்லோ எரிக்கச் சொல்லுறியள். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் மாமி. நான் சோதினை எழுதப்போறன்."

மாமி கோப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்பா புத்தகங்களை அடுப்படிக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீயே போடு."

"நான் போடமாட்டன். பயம் உங்களுக்குத்தானே."

அவரே போட்டார். அகராதி தடிப்பு, லேசில் எரியவில்லை. பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. நான் அழாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை தலை சீவிப் புறப்பட்டேன். அப்பா வாசலில் நின்றார்.

"எங்க போறாய்?"

"பாடத்துக்கு."

"புத்தகம் ஒண்டும் இல்லையே."

"படிச்சது என்னட்ட இருக்கு. மிச்சம் ஆரிஃபாட்ட இருக்கு."

அப்பா சட்டைப் பித்தானைப் போட்டபடி தெருவை எட்டிப் பார்த்தார்.

"முன் ரோட்டால போகாத, பட்டாளத்தான் நிக்கிறான். தண்டவாளப் பக்கத்தால போ," என்றார். பிறகு, "கிள்ளானுக்கு வேண்டாமெண்டு நான் சொல்லிவிடுறன்," என்றார்.

உங்கள் வீடுகளிலும் அந்த நாளில் 'மாட்டேன்' என்று நின்றவர்கள் இருப்பார்கள். யார், எங்கே, யாரிடம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். வாசிக்க எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.