வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

உத்திராபதி எனக்குத் தர வேண்டியது நூற்று அறுபத்திரண்டு ரூபாய். சித்தப்பா மகன். எண்பத்தொன்றாம் வருஷம் கிணறு வெட்டியபோது, பாறைக்கு வேட்டு வைக்கக் கைமாற்றாக வாங்கினான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் உடைத்து நான் சேர்த்த கூலி அது. அவன் கிணற்றில் தண்ணீர் ஊறியது. அதே கோடையில் வரப்புக்கு இந்தப் பக்கம் நான் வெட்டிய கிணற்றில் வெள்ளைக் கல்லும் சிப்பியும்தான் வந்தன.

ஒரே பாட்டன் நிலம். ஒரே வெயில். அவன் மிளகாய்ச் செடி கறுகறுவென்று நின்றது. என்னுடையது பூ எடுக்கும் நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டது.

"அண்ணே, கையில காசில்ல. எஞ்சின் போட்டு வுடறேன், தண்ணிய எடுத்துக்க. கடன்ல கழிச்சுக்குவோம்" என்றான்.

"தண்ணிக்கா குடுத்தேன்? ரூவாயா வையி."

ரூபாயும் எனக்குப் பெரிதில்லை. கடன்காரனாக இருக்கும் வரைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவான். அவன் கிணற்றுக்கு எதிராக என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

என் மனைவி மலர்க்கொடி பொறுக்கவில்லை. "செடி செத்துக்கிட்டுக் கெடக்கு. நீ ரோசத்த வூத்தி வளக்கப் போறியா?"

அன்று சாயங்காலம் முதியோர் கல்வி வகுப்பில் மரிய புஷ்பம் டீச்சர் கோள்களைப் பற்றிய பாடம் நடத்தினார். நாற்பது வயதுக்கு மேல் நான் எழுத்துக் கூட்டப் பழகியது அவரிடம்தான். வெள்ளியும் பூமியும் ஏறக்குறைய ஒரே அளவாம், பக்கத்துப் பக்கமாம். ஆனால் வெள்ளியில் ஈயம் உருகுகிற சூடாம்.

"ஒண்ணுல புல்லு மொளைக்குது, ஒண்ணு வெந்து கெடக்குது. வெள்ளிக்கு வயிறு எரியாதாங்க டீச்சர்?" என்றேன்.

"வயிறு மட்டுமா? ஒடம்பு மொத்தமும் எரியுதுங்க."

எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் சொன்னார்: "அது சூரியனுக்குக் கொஞ்சம் கிட்ட. இருந்த தண்ணியும் ஆவியாப் போயிடுச்சு. இங்க தண்ணி தங்கிடுச்சு. சூட்டப் புடிச்சு வைக்கிற வாயு அதுல கரைஞ்சு, சிப்பியாகி, சுண்ணாம்புக்கல்லாப் படிஞ்சுது. நீங்க ஒடைக்கிறீங்களே, அந்தக் கல்லுதான். அங்க கரையறதுக்குத் தண்ணி இல்ல. வாயு அப்படியே கம்பளியாட்டம் மூடிக்கிச்சு."

வீட்டுக்கு நடக்கும்போது அந்த வெள்ளியை நினைத்துக்கொண்டேன். அதற்கு யார் மடை திறந்து விடுவது? எத்தனை கோடி மைல்! எனக்கும் அவன் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வரப்பு. மண்வெட்டியால் நாலு கொத்து. வேண்டாம் என்று நிற்பது நான்தான்.

விடிந்ததும் போனேன். உத்திராபதி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கடைசிப் பறிப்பு வரைக்கும் தண்ணி வுடணும்."

"என்னண்ணே, டீச்சரம்மா கழித்தல் கணக்கு சொல்லிக் குடுத்துட்டாங்களா?"

"வாய மூடிக்கிட்டு எஞ்சினச் சுத்துடா."

வரப்பை வெட்டினேன். வெடித்த மண் உஸ்ஸென்று குடித்தது. மலர்க்கொடி சேலையைச் செருகிக்கொண்டு பாத்தி பாத்தியாகத் திருப்பினாள். அந்தப் பக்கத்துப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்போதும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

"அண்ணே, கடன் தீந்துதுல்ல?" என்று கத்தினான்.

"தீந்துது" என்றேன். மடையை இன்னும் ஒரு கொத்து அகலமாக வெட்டிவிட்டேன்.