நூல் தளரக்கூடாது

மீன் பிடிக்கிறவன் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் என் மனைவி செல்வமலர் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். தொண்ணூற்றேழாம் ஆண்டு சித்திரையில் புதுவகைப் பின்னல் நூல் ஒன்றை வாங்கி, அதை ரீலில் அவசர அவசரமாகச் சுற்றிக்கொண்டு பிறைட்டன் கடற்கரைக்குப் போனேன். நைலோன் தங்கூசியைவிட மெல்லிசு, ஆனால் ஆளையே தூக்கும் என்று கடைக்காரன் புளுகியிருந்தான். நாலு தரம்கூட எறிந்திருக்கமாட்டேன், நூல் கும்பலாகக் கழன்று வந்து இடியப்பம் மாதிரிக் குமிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் மீன்மேல் மீனாகப் பிடிக்க, நான் குந்தியிருந்து சிக்கெடுத்தேன். கடைசியில் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாளே கடைக்காரனோடு சண்டைக்குப் போனேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிழை நூலில் இல்லை, என்னில்தான் என்றான். இந்த நூலைத் தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துவிடுமாம், எறியும்போது ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருமாம். நூல் சுற்றுகிற ஸ்பூலை விளிம்புவரை நிரப்பக்கூடாது. எறிந்தபின் ரீலின் வளையத்தைக் கையால் மூடி, நூலை ஒருதரம் இழுத்துவிட்டுத்தான் சுற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், நூலை ரீலில் ஏற்றும்போது அது தளரவே கூடாது.

அதனால்தான் அடுத்து வந்த சனிக்கிழமை பின்னேரம், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கராஜ்களுக்குப் போகிற சந்தில் புது நூலை விரித்தேன். ஒரு முனையை எங்கள் பின்வாசல் படலைக்குப் பக்கத்தில் இருந்த வேலிக்கட்டையின் அடியில் கட்டினேன். மேலே கட்டினால் உக்கிப்போன கட்டை முறிந்துவிடும் என்ற பயம். தூண்டில் தடியோடு சந்தின் மற்ற முனைவரை பின்னால் நடந்துபோய், நூலை விறைப்பாக வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வீட்டை நோக்கி வரத் தொடங்கினேன். படலை வாசலுக்குக் குறுக்கே ஓடிய கரும்பச்சை நூல். நாலடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டில் செல்வமலருக்கு மட்டும்தான் இதைச் சொல்லியிருந்தேன். தங்கச்சி தவநாயகிக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவள் தன் ஐந்து வயது மகள் நிரோஜாவோடு ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முந்தின வருடம் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், போரால் விட்டுவந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், அவள் புருஷன் ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கண்ணிவெடி கொண்டுபோய்விட்டது. எப்படி நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, அழவும் இல்லை.

ரீலையே பார்த்துக்கொண்டு வந்த எனக்கு நூலில் ஒரு அதிர்வு தெரிந்தது. பூனையாக்கும் என்று நினைத்துச் சுண்டி இழுத்தேன்.

"அண்ணை, இழுக்காதேங்கோ."

தவநாயகியின் குரல். சத்தம் போடவில்லை. சொல்லப்போனால் மெதுவாகத்தான் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தேன். பின்படலை திறந்திருந்தது. ஒரு கையில் குப்பைப் பை, மற்றக் கையில் நிரோஜா. சந்துக்குள் வைத்த கால் வைத்தபடியே நின்றது. என் நூல் அவளுடைய முழங்காலுக்குக் கீழே பதிந்துகொண்டிருந்தது.

"கம்பி காலிலை முட்டுது. இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அட விசரி, அது மீன்பிடிக்கிற நூல் என்றேன். அவளுக்கு அது ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு கிட்டப் போனபோதுதான் முகத்தைப் பார்த்தேன். உதடெல்லாம் வெளிறி, அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. அவள் கண் நூலை விட்டு அசையவில்லை. கண்ணிவெடிக் கம்பி என்று நினைக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு எனக்கும் பயம் பிடித்தது. நானே காசு கொடுத்து வாங்கிய நூல், நானே கட்டிய முடிச்சு. இருந்தும் அந்த வேலிக்கட்டையின் அடியில் வேறேதும் இருக்கிறதா என்று பார்த்தேன். தடியைக் கீழே போடவும் துணிவில்லை. போட்டால் நூல் தளரும், தளர்ந்தால் அவளுக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஒரு துளியும் தளராமல் சுற்றிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போனேன்.

பிள்ளையைக் கொண்டுபோய் அந்தச் சுவருக்குப் பின்னால் படுக்க வையுங்கள் என்றாள். நான் வாய் திறக்குமுன்பே நிரோஜா தாயின் கையை விட்டுவிட்டு, நூலைத் தொடாமல் கவனமாகச் சுற்றிப் போய், கராஜ் சுவருக்குப் பின்னால் குப்புறப் படுத்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இனி நீங்களும் போங்கோ அண்ணை."

"நான் போகேல்லை."

என் காலையும் அவள் காலுக்குப் பக்கத்தில் நூலோடு முட்டவைத்தேன். தடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவள் கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒன்றாய் எடுப்போம் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. யாரோ ஒருவன் காரை உள்ளே விட வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஹோர்ன் அடிக்காமல் காத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவள் முருகா என்றாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காலை எடுத்தோம்.

ஒன்றும் இல்லை. நூல் ஒருதரம் துடித்துவிட்டு நின்றது. அவ்வளவுதான்.

அவள் அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காரோட்டி வந்தவன் என்ன நினைத்தானோ, காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் தடியைப் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். என்னைப் பார்க்காமலே பேசத் தொடங்கினாள்.

"அவரும் இப்பிடித்தான் காலை எடுக்காமல் நிண்டவர். பிள்ளையைக் கொண்டு போ எண்டார். நான் போனனான் அண்ணை. கிணத்துக்கட்டுக்குப் பின்னாலை பிள்ளையோடை படுத்தனான். திரும்பிக்கூடப் பாக்கேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்கள் மட்டும் ஏன் போகேல்லை?"

கூடப்பிறந்த இரத்தம், உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல பேச்சுத்தான். சொல்லியிருந்தால் நான் பெரிய மனிதனாகியிருப்பேன், புருஷனை விட்டுப்போன குற்றவுணர்விலேயே அவள் செத்திருப்பாள்.

"எனக்கு அது நூல் எண்டு தெரியும், தங்கச்சி. அதாலைதான் நிண்டனான். வெடியெண்டால் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் இருப்பன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள் போல. பிறகு வாய்விட்டு அழுதாள். செல்வமலர் சமையலை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டாள். நான் பேசாமல் இருக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தவநாயகி எழும்பினாள். நூலைக் கடந்து நடந்து கராஜ் சுவருக்குப் பின்னால் போனாள். மகளின் கைகளைக் காதிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டாள்.

"எழும்பு பிள்ளை," என்றாள். "ஒண்டும் வெடிக்கேல்லை. அம்மா நிக்கிறன்."